ஏலத்தில் கிடைக்காத வேகம்: தலைவாஸ் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் தலைவாஸ் அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தும் மோகனூர், நாமக்கல், சேலம் வட்டாரத்து அன்பர்களுக்கு,

உங்கள் மேல் எனக்கு ஒரு வழக்கு உண்டு. ஆண்டுதோறும் புரோ கபடி தொடங்கி நாலு ஆட்டம் முடிவதற்குள் நீங்கள் ஒரே புகாரைத்தான் சொல்கிறீர்கள்: "ஏனுங்க, நம்ம ஆளுங்க இப்படிக் கட்டை போடறாங்க?" ரைடர் உள்ளே போகிறார், பாக் லைனைத் தாண்டிக் காலை ஆட்டுகிறார், முப்பது நொடியைக் கரைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார். அடுத்தவரும் அப்படியே. மூன்றாவது ரைடு 'டூ ஆர் டை' ஆனதும் நெஞ்சு பதறுகிறது. இந்தப் புகாரோடு எனக்குச் சண்டையில்லை, அது உண்மைதான். நீங்கள் சொல்லும் மருந்தோடுதான் சண்டை. "ஒரு பெரிய ரைடரை எடுங்க, எல்லாம் சரியாயிரும்" என்கிறீர்கள். ஏலம் நடக்கும் நாளில் கோடியில் ஒரு பெயர் விழுந்துவிட்டால் அன்றைக்கே கோப்பை வந்துவிட்டது போலக் கொண்டாடுகிறீர்கள். அந்தப் பெயருக்கு இடம்கொடுக்க யார் யார் கழற்றிவிடப்பட்டார்கள் என்று கேட்பதில்லை. தலைவாஸின் மந்தத்துக்கு நட்சத்திரப் பஞ்சம் காரணமில்லை, ஓயாமல் ஆள் மாறுவதுதான் காரணம் என்பது என் வாதம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஆட்டத்தின் வேகம் என்றால் என்ன என்பதில் முதலில் ஒத்துப்போவோம். கூடைப்பந்துக்காரர்கள் இதை எப்போதோ எண்ணிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அமெரிக்க என்பிஏ தொடரில் 1950-இல் ஃபோர்ட் வேன் அணி மினியாபொலிஸை 19-18 என்று வென்றது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தியே ஜெயித்தார்கள். கூட்டம் வெறுத்துப்போகும் நிலை வந்த பிறகு, 1954-இல் 24 நொடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்று விதி போட்டார்கள். ஓர் ஆட்டத்தில் ஓர் அணிக்குப் பந்து எத்தனை முறை கைக்கு வருகிறது என்பதே அங்கே வேகத்தின் அளவுகோல். கபடியில் நம் 24 நொடி, ரைடுக்கான 30 நொடி. பாதிக்கு 20 நிமிடமாக மொத்தம் 2,400 நொடி. ஒவ்வொரு ரைடும் முப்பதையும் முழுசாகத் தின்றால் இரண்டு அணிக்கும் சேர்த்து 80 ரைடுதான் தேறும். நம் பங்கு 40. "ரைடு மாறி மாறித்தானே வருது, இதில் வேகமென்ன மந்தமென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாக இருக்கலாம். அந்த நாற்பதில் எத்தனை ரைடு ஏதாவது ஒரு முடிவைத் தருகிறது என்பதில்தான் அணிக்கு அணி வித்தியாசம். வெற்று ரைடு கூடக் கூட ஆட்டம் படுத்துக்கொள்கிறது. அதைக் கூட்டுவதும் குறைப்பதும் களத்தில் நிற்கும் ஏழு பேரின் சேர்க்கை.

எப்படி என்பதை ஒரு காட்சியில் வைத்துப் பாருங்கள். அணியின் பெரிய ரைடர் பிடிபட்டு வெளியே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு அடுத்த நிலையில் நம்பிக்கையான ரைடர் இல்லை. உள்ளே போகிறவருக்குப் பெஞ்சிலிருந்து வரும் கட்டளை ஒன்றுதான்: "மாட்டாம வந்துரு." அவர் மாட்டாமல் வருகிறார். எதிரணி ரைடரும் அவசரப்படாமல் திரும்புகிறார். இப்படி இரண்டு வெற்று ரைடு, பிறகு ஒரு டூ ஆர் டை. நம் மூன்று, அவர்கள் மூன்று. முப்பது முப்பது நொடியாக மூன்று நிமிடம் போயிற்று. இன்னொரு சிக்கலும் இருக்கிறது, அதைத் தொலைக்காட்சி வர்ணனையில் அதிகம் பேசுவதில்லை. வெளியே போனவர்கள் போன வரிசையில்தான் உள்ளே வரமுடியும். ரைடருக்கு முன்பே இரண்டு டிஃபென்டர்கள் தப்பான பிடியில் வெளியே போயிருந்தால், அவர் உள்ளே வர மூன்று புள்ளி வேண்டும். கார்னரும் கவரும் ஒருவரையொருவர் அறியாமல் தனித்தனியாகப் பாயும் அணியில் இந்த வரிசை எப்போதும் நீண்டேதான் இருக்கும். இரண்டு கோடி கொடுத்து வாங்கிய ஆள் பெஞ்சில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் "ஏன் மந்தம்?" என்று கேட்பீர்கள். அந்த மந்தம் ரைடரிடம் இல்லை. பிடிக்கும் சங்கிலி புதிதாகக் கோக்கப்பட்டதில் இருக்கிறது.

சங்கிலி என்று சும்மா சொல்லவில்லை. கார்னர் காலைப் பிடித்த அரை நொடிக்குள் பக்கத்தில் நிற்பவர் உடம்பைத் தடுக்க வேண்டும். யார் முதலில் இறங்குவார், எந்தப் பக்கம் ரைடரைத் தள்ளுவார் என்பதைச் சொல்லிக்கொள்ள நேரம் கிடையாது. ஒன்றாகப் பல நூறு பிடிகள் பிடித்தவர்களுக்குத்தான் அது கைவரும். அது கைவராத அணிக்கு இரண்டே வழி. ஒன்று, யாரும் இறங்காமல் பின்கோட்டை ஒட்டி நின்றுவிடுவது. அப்போது ஆட்டம் மந்தமாகிறது. மற்றொன்று, ஒருவர் மட்டும் துணிந்து இறங்கித் தொடு புள்ளி கொடுத்துவிட்டு வெளியேறுவது. அப்போது ஆட்டம் ஆல் அவுட்டை நோக்கி ஓடுகிறது. புதுச் சேர்க்கை அணிகள் ஒரே ஆட்டத்தில் இரண்டையும் செய்து காட்டுவதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். முதல் பாதியில் உறக்கம், கடைசி ஐந்து நிமிடத்தில் பதற்றம்.

இப்போது நம் அணியின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். 2017-இல் முதல் பருவம். அஜய் தாக்கூர் தலைவர், ஏறக்குறைய தனியாளாக ரைடுச் சுமையைத் தூக்கினார். அணி தன் பிரிவில் கடைசி. 2018-இல் மஞ்சீத் சில்லர், சுகேஷ் ஹெக்டே, ஜஸ்வீர் சிங் என்று பெரிய பெயர்கள் சேர்ந்தன. மறுபடி பிரிவில் கடைசி. 2019-இல் ராகுல் சௌத்ரி 94 லட்சத்துக்கு வந்தார், மோஹித் சில்லரும் ரன் சிங்கும் வந்தார்கள். காகிதத்தில் பார்த்தால் அந்த ஆண்டு அதைவிடப் பளபளப்பான அணி வேறில்லை. 12 அணிகளில் 12-ஆவது இடம். இந்த மூன்று பருவத்திலும் நீங்கள் கேட்டது கிடைத்தது என்பதை மறந்துவிடாதீர்கள். பெயர் கேட்டீர்கள், பெயர் வந்தது. அந்தப் பெயர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஓர் ஆட்டமுறை மட்டும் வரவில்லை.

2021-22 பருவத்தில் வேறொன்று நடந்தது. பயிற்சியாளர் உதயகுமார், தலைவர் சுர்ஜீத் சிங். சாகர் ராத்தி, சாஹில் குலியா, எம். அபிஷேக் ஆகியோர் டிஃபென்ஸில். அஜிங்கிய பவார் ரைடில். அதிகம் பேசப்படாத ஆட்கள்தான். 11-ஆவது இடம், நிறையச் சமநிலைகள். நீங்கள் அந்த அணியைக் கரித்துக் கொட்டினீர்கள். ஆனால் அந்த டிஃபென்ஸை நிர்வாகம் முழுதாகக் கலைக்கவில்லை. அடுத்த ஆண்டு 2.26 கோடிக்கு பவன் செராவத்தை வாங்கியபோது அதுவரை லீக்கில் யாருக்கும் கொடுக்கப்படாத விலை என்று தமிழ்நாடே பேசியது. 2022 அக்டோபர் 8, குஜராத்துக்கு எதிரான முதல் ஆட்டம். முதல் பாதியிலேயே பவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், அந்தப் பருவம் அவருக்கு அத்தோடு முடிந்தது. அணியும் முடிந்தது என்றுதான் எல்லாரும் எழுதினார்கள்.

முடியவில்லை. அந்த ஆட்டம் 31-31 என்று சமநிலையில் நின்றது. பவன் விட்ட இடத்தில் நரேந்தர் என்ற புதுப் பையன் ரைடு போகத் தொடங்கினார்; அந்த ஒரே பருவத்தில் 243 ரைடு புள்ளி எடுத்தார். அவர் பிடிபட்டால் அஜிங்கிய பவார் இருந்தார். இருவரும் வெளியே இருந்தால் முந்தைய ஆண்டு ஒன்றாக உதை வாங்கிப் பழகிய சாகரும் சாஹிலும் அபிஷேக்கும் பிடியெடுத்து அவர்களை உள்ளே கொண்டுவந்தார்கள். ரைடர் பெஞ்சில் உட்காரும் நேரம் குறைந்தால் ஆட்டம் தானாக விரைவாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? எலிமினேட்டரில் யு.பி. யோதாஸை 36-36-க்குப் பிறகு டை பிரேக்கரில் வென்று, அரையிறுதியில் புனேயிடம் 39-37 என்று இரண்டே புள்ளியில் தோற்றார்கள். தலைவாஸ் அரையிறுதியைத் தொட்டது அந்த ஒரு முறைதான். கோடி விலைக்கு வந்தவர் ஆடாத ஆண்டில் அது நடந்தது.

"பவன் மட்டும் நல்லா இருந்திருந்தா கோப்பையே வந்திருக்கும்" என்பீர்கள். வந்திருக்கலாம், மறுக்க என்னிடம் ஆதாரமில்லை. ஆனால் அவர் இருந்திருந்தால் நரேந்தருக்கு அத்தனை ரைடு கிடைத்திருக்குமா என்று மட்டும் யோசியுங்கள். இதே பாடத்தைப் பட்னா ஓராண்டு முன்பே கற்றிருந்தது. பர்தீப் நர்வால் 1.65 கோடிக்கு யு.பி.க்குப் போன 2021-இல், பட்னா பைரேட்ஸின் கதை முடிந்தது என்றார்கள். பிரசாந்த் ராய், மோனு கோயத், சச்சின், குமான் சிங் என்று நாலு பேர் ரைடைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். லீக் சுற்றில் பட்னாவுக்கு முதலிடம். இறுதியில் டெல்லியிடம் 37-36, ஒரே புள்ளி. அந்த நால்வரில் ஒருவரான சச்சினைத்தான் 2024 ஏலத்தில் தலைவாஸ் 2.15 கோடிக்கு எடுத்தது. அந்த ஏலத்தின் உச்ச விலை. டூ ஆர் டை ரைடில் பெயர் பெற்றவர் அவர். ஆக, மூன்றாவது ரைடுக்காகக் காத்திருக்கும் ஆட்டத்தையே நாம் விலைகொடுத்து வாங்கிவிட்டு, வேகத்தை எதிர்பார்த்தோம். 5 கோடிப் பணப்பையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் ஒருவருக்கே போனால் மீதி இருபது பேரை எந்தக் காசில் வைத்திருப்பது? 2022-இன் அஜிங்கிய பவார் அதே ஏலத்தில் பெங்களூருவுக்குப் போனார். நாம் 9-ஆவது இடத்தில் முடித்தோம்.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: சேஸிஸைப் பார்க்காமல் இன்ஜினை மட்டும் பெரிதாக்குகிறவனை யாரும் கெட்டிக்காரன் என்று சொல்ல மாட்டார்கள்.

கூடைப்பந்தில் இருந்து உங்களுக்குச் சாதகமான சான்றையும் நானே எடுத்துத் தருகிறேன். ஃபீனிக்ஸ் சன்ஸ் அணி 2003-04-இல் 82 ஆட்டங்களில் 29-இல் மட்டும் வென்றது. அடுத்த பருவத்துக்கு ஸ்டீவ் நாஷ் வந்தார், 62 வெற்றி. லீக்கிலேயே வேகமான அணி அது. ஒருவர் வந்தால் எல்லாம் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று தோன்றும். ஆனால் நாஷ் வரும்போது ஷான் மேரியனும் அமரே ஸ்டௌடமையரும் ஜோ ஜான்சனும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். ஓடக்கூடிய கால்கள் இருந்த இடத்துக்கு, ஓடுகிறவனுக்குப் பந்து கொடுக்கத் தெரிந்த கை வந்து சேர்ந்தது. அதே அணி 2008 பிப்ரவரியில் மேரியனைக் கொடுத்துவிட்டு ஷகீல் ஓநீலை வாங்கியது. நாஷைவிடப் பெரிய பெயர், உலகமே அறிந்த உருவம். ஆனால் ஓடிய கால் போய், நின்று ஆடும் உடம்பு வந்துவிட்டது. அந்த ஆண்டு பிளே ஆஃப் முதல் சுற்றிலேயே சான் அன்டோனியோவிடம் ஐந்து ஆட்டத்தில் கதை முடிந்தது. வேகத்தை வடிவமைத்த பயிற்சியாளர் மைக் டான்டோனியும் விலகினார். வருகிறவர் எவ்வளவு பெரியவர் என்பதைவிட, ஏற்கெனவே இருப்பவர்களோடு எப்படிப் பொருந்துகிறார், அவருக்காக யார் போகிறார் என்பதுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது.

உங்கள் கையில் என்னை மடக்க ஒரு வலுவான சீட்டு இருக்கிறது. 2023-24-இல் சாகர், சாஹில், அபிஷேக், நரேந்தர், அஜிங்கியா எல்லாரும் இருந்தார்கள், முந்தைய ஆண்டு வந்த பயிற்சியாளர் அஷன் குமாரும் இருந்தார். ஆனாலும் 9-ஆவது இடம்தானே? ஆமாம். தக்கவைத்தால் போதும், வெற்றி வந்து விழும் என்று நான் சொல்லவே இல்லை. முந்தைய ஆண்டு யாருக்கும் தெரியாத நரேந்தரை அந்த ஆண்டு எல்லா அணியும் படம் போட்டுப் படித்துவிட்டு வந்தார்கள். அப்போது தேவைப்பட்டது மூன்றாவது ரைடர் ஒருவர், பிடியில் ஒரு மாற்று. வீட்டை இடித்துக் கட்டுவது அல்ல. அதே பருவத்தில் புனே என்ன செய்தது? அஸ்லாம் இனாம்தார், மோஹித் கோயத், பங்கஜ் மோஹிதே, ஆகாஷ் ஷிண்டே, அபினேஷ் நடராஜன் என்று தன் பழைய ஆட்களை விடவில்லை. அவர்களுக்கு நடுவே எது குறைகிறதோ அந்த ஒரே இடத்துக்கு, இரானின் ஷாத்லூவை 2.35 கோடிக்கு எடுத்தது. லீக்கில் முதலிடம், 2024 மார்ச் 1 அன்று ஹரியாணாவை 28-25 என்று வென்று கோப்பை. கோடி கொடுப்பது தப்பில்லை என்பதற்கும் புனேதான் சாட்சி. கூட்டாளிகளை விற்காமல் கொடுக்க முடிந்தால் கொடுக்கலாம்.

"வேகம் பயிற்சியாளர் கையில்தானே?" என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு சொல். பாதி சரி. 2022-இல் தொடர் நடுவே அஷன் குமார் வந்த பிறகுதான் அணி தலைநிமிர்ந்தது, அதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையல்ல. ஆனால் அவர் கையில் கொடுக்கப்பட்டது ஓராண்டு பழகிய டிஃபென்ஸ். 2025-இல் சஞ்சீவ் பாலியானை அழைத்தோம், அர்ஜுன் தேஷ்வாலை 1.405 கோடிக்கு வாங்கினோம், பவனும் 59.5 லட்சத்துக்குத் திரும்பி வந்தார். 2022-இல் ஜெய்ப்பூருக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளரும், அந்தப் பருவத்தில் 296 ரைடு புள்ளி எடுத்த அதே ரைடரும்! இதைவிடப் பொருத்தம் உண்டா என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அன்றைக்கு அர்ஜுன் வெளியே போகும்போதெல்லாம் உள்ளே இழுத்து வந்த சுனில் குமாரும் அங்குஷும் சாஹுல் குமாரும் அவரோடு சென்னைக்கு வரவில்லையே. பவன் சில ஆட்டங்களிலேயே அணியைவிட்டுப் போனார், தலைமை கைமாறியது, தொடர் நடுவே திட்டமும் மாறியாக வேண்டியதாயிற்று. எந்தப் பயிற்சியாளரால் அதற்குள் வேகத்தைக் கொண்டுவர முடியும்?

உங்களில் பலருக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. பெயர் தமிழ், ஆடுகிறவர்கள் ஹரியாணா என்கிறீர்கள். நியாயமான குறை. தெருவுக்குத் தெரு கபடிக் குழு வைத்திருக்கும் இந்தக் காவிரிக் கரையில் அது வலிக்கத்தான் செய்யும். ஆனால் இந்தக் குறைக்கும் வேர் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை அணியைக் கலைத்துக் கட்டுகிற நிர்வாகத்துக்கு இருபது வயதுப் பையனை இரண்டு பருவம் காத்திருந்து வளர்க்க நேரம் ஏது? உடனே புள்ளி எடுக்கிற ஆளைத்தான் அது தேடும். அபினேஷ் நடராஜன் நம் மண்ணின் பிள்ளை. புனே அணியில் பருவத்துக்குப் பருவம் இடம் கிடைத்து அங்கேதான் கோப்பையையும் தூக்கினார். நம் அணியில் அபிஷேக் பெயர் எடுத்ததும் தொடர்ந்து ஆடவைத்ததால்தான். தமிழ்ப் பிள்ளைகள் ஆட வேண்டுமென்று விரும்புகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது நிலையான அணியை.

"நாங்க கத்தினா நிர்வாகம் கேக்குமா?" என்று கையை விரிக்காதீர்கள். கேட்கிறது, அதுதான் பிரச்சினையே. ஏல நாளில் உங்கள் ஆரவாரம் எந்தப் பெயருக்கு எழுகிறது என்பதை அவர்கள் கூர்ந்து பார்க்கிறார்கள். சுவரொட்டிக்கு முகம் வேண்டும், சட்டை விற்க எண் வேண்டும். நீங்கள் முகத்தைக் கேட்டால் முகம் வருகிறது. அதனால் இந்த முறை கேட்பதை மாற்றுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

அடுத்த ஏலத்துக்கு முன்பு ஒவ்வோர் அணியும் யாரை வைத்திருக்கிறோம், யாரை விடுகிறோம் என்று பட்டியல் வெளியிடும். வழக்கமாக நீங்கள் அதைத் தாண்டிப் போய்விடுவீர்கள். இந்த முறை அன்றைக்குப் பேசுங்கள். இரண்டு கார்னரும் இரண்டு கவரும் அதே ஆட்கள்தானா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏன் என்று தலைவாஸின் பக்கங்களில் போய்ப் பெயர் சொல்லிக் கேளுங்கள். விடப்பட்டவரை ஏலத்தில் இறுதி விலைக்கு ஈடுகொடுத்துத் திரும்ப எடுத்துக்கொள்ள விதி இருக்கிறது. நம் அணி அதை யாருக்குப் பயன்படுத்தியது என்று கேளுங்கள். ஏலத்தில் கோடிக்கு ஒருவர் வந்தால் கைதட்டுவதற்கு முன், இவர் வெளியே உட்காரும் மூன்று நிமிடத்தில் ரைடு போகப்போகிறவர் யார் என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள். தொடர் தொடங்கி முதல் ஐந்து ஆட்டத்தில் ஆட்டம் இழுத்தால், "எல்லாரையும் தூக்குங்க" என்று எழுதுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்திவையுங்கள். அந்த ஏழு பேரையும் இன்னும் ஒரு பருவம் சேர்த்து ஆடவிடுங்கள்.

இப்படிக்கு,
மோகனூரிலிருந்து உங்களில் ஒருவன்